கை உயர்த்துவதற்கு முன்

ஊருக்குத் திரும்பிய முதல் ஆறு மாதத்தில் நீங்கள் போய் இருக்க வேண்டிய கூட்டங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை. எங்களைப் போன்ற நிறுவனங்கள் வைக்கும் கூட்டங்கள் வேறு. காணி துப்புரவாக்க வேண்டும், கொட்டில் மேய வேண்டும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இந்த நேரத்தில் கூட்டமா என்று சலிப்பு வருவது இயல்பு. அதனால் பலர் பின்வரிசையில் இருந்து, எல்லாரும் கை உயர்த்தும்போது தாமும் உயர்த்தி, வரவுப் பதிவில் கையொப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் பொதுக்கிணறு எங்கே வெட்டப்படும், எந்த வீதி முதலில் திருத்தப்படும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கப்படும், வீட்டுத்திட்டப் பட்டியலில் யாருடைய பெயர் வரும் என்பதெல்லாம் அந்த மரநிழலில்தான் முடிவாகின்றன. வெட்டிய கிணற்றை நகர்த்த முடியாது. விதைத்த வயலுக்குக் கொடுத்த தண்ணீரைத் திரும்பக் குளத்தில் விட முடியாது. ஆகவே கை உயர்த்துவதற்கு முன் எதைத் தெரிந்திருக்க வேண்டும், அது யாரிடம் இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைப் பற்றியது இந்தப் பாடம்.

இடம்பெயராத ஊரில் இதற்கென்று ஒரு பாடம் தேவைப்படாது. தகப்பனுக்குப் பின்னால் வயலுக்குப் போகும் பிள்ளை எந்த வாய்க்கால் முதலில் வற்றும் என்பதைத் தானாகவே அறிந்துகொள்ளும். ஆச்சியோடு தண்ணீர் அள்ளப் போகும் பெண்பிள்ளைக்கு எந்தக் கிணறு ஆவணியில் உவர்க்கும் என்பது தெரியும். உங்கள் ஊரில் அந்தத் தொடர் அறுந்துபோயிற்று. சிலர் தொண்ணூறுகளில் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். சிலர் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் வீடுகளில் இருந்தார்கள். 2009இல் வன்னியில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக்பாமில் இருந்தார்கள். அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதன் பிறகும் காணி விடுவிக்கப்படும்வரை காத்திருந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு. ஐந்து வயதில் ஊரை விட்டுப் போனவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகத் திரும்பி வந்திருக்கிறார். குளத்தை அறிந்த பெரியவரோ வேறோர் ஊரின் மண்ணில் அடக்கமாகிவிட்டார். ஊரின் அறிவு இப்போது துண்டு துண்டாக, பல கைகளில் கிடக்கிறது. சில துண்டுகள் அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன.

குளத்துக் கணக்கு

வன்னியில் ஊர் முடிவுகளில் மூத்தது குளத்துத் தண்ணீர் பற்றியதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூட்டப்படும். பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களமும், 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் பொறுப்பு. அந்தக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, எந்த இன நெல், எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, மாடு கட்ட வேண்டிய திகதி, வாய்க்கால் துப்புரவாக்கும் நாள் எல்லாம் முடிவாகும். பதியப்பட்டபின் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். கூட்டத்துக்குப் போகாதவரையும் கட்டுப்படுத்தும்.

பொறியியலாளர் எழுந்து, "குளத்தில் இப்போது இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது" என்பார். இந்த அடிக் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. புரியாததைக் கேட்கவும் கூச்சம். கேளுங்கள். குளத்தின் அடி சட்டியைப் போல அகன்று சரிந்தது. 10 அடியில் நிற்கும் தண்ணீர் 20 அடியில் நிற்பதன் பாதி அல்ல, அதைவிட மிகக் குறைவு. ஆகவே அடியை மட்டும் கேட்டுவிட்டு இருக்கக்கூடாது. "அது எத்தனை ஏக்கர் அடி?" என்று கேட்க வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தை ஓர் அடி உயரத்துக்கு நிரப்பும் தண்ணீரே ஓர் ஏக்கர் அடி. அடுத்ததாக, "அதில் துருசுக்குக் கீழே நிற்பது எவ்வளவு?" என்று கேளுங்கள். துருசுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் அது உதவும், நெல்லுக்கு உதவாது.

ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். உங்கள் குளத்தில் எடுக்கக்கூடிய தண்ணீர் 400 ஏக்கர் அடி என்று வையுங்கள். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி வேண்டும் என்று பொறியியலாளர் சொல்கிறார். அப்படியானால் 100 ஏக்கர் விதைக்கலாம் என்று உடனே சொல்லத் தோன்றும். சோளகக் காற்றை மறந்துவிட்டோம். வைகாசி தொடக்கம் ஆவணிவரை அந்தக் காற்றும் வெயிலும் குளத்தைக் குடிக்கும். ஊருக்குக் குளிப்பதற்கும் மாடுகளுக்கும் ஒதுக்க வேண்டும். கைவிடப்பட்டுக் கிடந்த குளத்தில் மண் நிறைந்திருந்தால் பழைய கொள்ளளவு அட்டவணையே பிழையாக இருக்கும். எல்லாம் கழித்தால் 70 ஏக்கரும் மிஞ்சாமல் போகலாம். 100 ஏக்கர் விதைத்தால் 30 ஏக்கர் மட்டும் கருகும் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ந்து, கதிர் வரும் நேரத்தில் எல்லாருக்கும் இல்லாமல் போவதுதான் வழமை. முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்களுடையது. விதைநெல், உழவுக் கூலி, பசளை எல்லாம் கடனில் வாங்கிய முதல் வருடத்தில் அப்படி நடந்தால் அந்தக் குடும்பம் எழும்ப மூன்று போகம் செல்லும்.

இதற்கு முன்னோர் கண்ட வழி, குறைந்த ஏக்கரை எல்லாரும் பங்குபோட்டு விதைப்பது. குளத்துக்குக் கிட்டிய வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்கு விதைத்து, தூரத்தில் வயல் உள்ளவருக்கும் அதில் ஒரு துண்டு கொடுப்பார்கள். இரணைமடுவின் கீழும் சிறுபோகத்தில் எல்லா வயலும் விதைக்கப்படுவதில்லை. பங்கு நியாயமாக நடக்க வேண்டுமென்றால் எவருக்கு எவ்வளவு வயல் என்ற பதிவு சரியாக இருக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் உள்ள காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா, இறந்துபோன தகப்பனின் பெயரே இன்னும் இருக்கிறதா என்று கூட்டத்துக்கு முந்திய கிழமையே பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் வைத்துச் சண்டை பிடிப்பதால் பதிவு மாறாது.

பெரியவர்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. எந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது? 1957 மார்கழி வெள்ளம், 1964 மார்கழிப் புயல், 2008 நிஷா புயலோடு வந்த மழை ஆகியவற்றைக் கண்டவர்களும் கேட்டவர்களும் இன்னும் இருக்கிறார்கள். "கோயில் படி மூடிற்று", "அந்தப் பாலை மரத்தடியில் வள்ளம் கட்டினோம்" என்று அவர்கள் சொல்லும் இடங்களை ஊர்ப்படத்தில் குறியுங்கள். ஐந்து வருடம் மழை குறைந்தால் அந்தப் பள்ளம் நல்ல வீட்டுக்காணி போலத் தெரியும். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர வேண்டியிருந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, கீழே இருந்தவர்களுக்கு அது எப்போது தெரிந்தது என்பது பின்னர் பெரிய வாதமாயிற்று. உங்கள் ஊர் ஒரு குளத்தின் கீழே இருந்தால், கதவு திறக்கும் செய்தி யாரிடமிருந்து யாருக்கு, இரவு இரண்டு மணிக்கு எப்படி வரும் என்பதை மழைக்கு முந்திய கூட்டத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

இரணைமடுத் தண்ணீர் வாதம்

ஊர் மட்டத்தைத் தாண்டிய முடிவுகளிலும் இதே கணக்கு வேலை செய்யும். இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. பிறகு அணை பலமுறை உயர்த்தப்பட்டது. இன்று அதன் கீழே ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கர் வயல் இருக்கிறது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் அங்கீகரிக்கப்பட்டபோது, குளத்தைத் திருத்தி, அதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுபோவது என்பது திட்டமாக இருந்தது. குடாநாட்டின் தேவை பொய்யானதல்ல. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடி நீர்தான் எல்லாம். அதில் பல கிணறுகள் உவராகிவிட்டன, பசளையின் நைத்திரேற்றும் கலந்திருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்பவரை யார்தான் மறுப்பார்?

இரணைமடுவின் கீழ் உள்ள கமக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை வெறும் ஊர்ப் பற்று என்று சிலர் பேசினார்கள். ஆனால் அவர்கள் முன்வைத்தது ஒரு கணக்கு. குளம் வான் பாயாத வருடங்கள் உண்டு. நல்ல வருடத்திலும் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் போதுவதில்லை. அப்படியிருக்க, நாள்தோறும் நிறுத்தாமல் எடுக்க வேண்டிய குடிநீரை வரட்சி வருடத்தில் எதிலிருந்து எடுப்பீர்கள்? இந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சில் பதில் சொல்ல முடியாது. எத்தனை வருடம் வான் பாய்ந்தது, எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்யப்பட்டது என்ற பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாதம் பல வருடம் இழுபட்டது. கடைசியில் கடல்நீரை நன்னீராக்குவது என்று திட்டம் மாறி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24 ஆயிரம் கனமீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

இதில் எவர் வென்றார் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. நல்ல முடிவு கிடைக்கப் பதினான்கு வருடம் எடுத்தது என்று குறைப்படுவோரும் உண்டு. அந்தக் குறை நியாயமானது. முதல் நாளே குளத்தின் பதிவுகளும் குடாநாட்டுக் கிணறுகளின் நிலையும் இரு பகுதியாரின் முன்னால் வைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு காலமும் கசப்பும் மிச்சப்பட்டிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளத்துக் கூட்டத்துக்கு வயல் உள்ளவர்கள்தான் வருவார்கள். 1977 கலவரத்தின் பின்னும் அதற்குப் பின்னும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் பலருக்கு வயல் இல்லை, காணிக்குப் பத்திரமும் இல்லை. ஆனால் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் அவர்களின் கிணற்றிலும் தண்ணீர் ஊறும். அவர்கள் கூலிக்குப் போகும் வயலும் அதுவே. அவர்களையும் அழையுங்கள். வாக்கு இல்லாவிட்டாலும் அவர்கள் சொல்வதைக் கூட்டம் கேட்கட்டும்.

பழைய அறிவு பிழைக்கும் இடம்

குளத்தைப் பற்றிப் பெரியவர் சொல்வதை நம்புங்கள் என்றோம். வெடிபொருள் விடயத்தில் அப்படி நம்பாதீர்கள்.

"இந்தப் பாதையால் முப்பது வருடம் விறகுக்குப் போனேன், எனக்குத் தெரியாததா?" என்று ஐயா சொல்வார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அவர் போகாத வருடங்களில்தான் அந்தப் பாதையில் மிதிவெடி புதைக்கப்பட்டது. போரின் முன்னரங்குகள் மாறி மாறி நின்ற முகமாலை, கிளாலி போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் தொடர்ந்தது. புதைத்தவர்களிடம்கூட முழுமையான வரைபடம் இல்லாத நிலங்கள் உண்டு. வெள்ளம் வந்தால் வெடிபொருள் இடம் மாறும். ஆகவே இங்கே ஊர் நினைவு போதாது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தின் வரைபடமும், காணி கையளிக்கப்பட்ட பத்திரமும்தான் பேச வேண்டும். கிராம அலுவலரிடம் அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். "துப்புரவாக்கப்பட்டது" என்றால் எந்த எல்லைவரை, எந்த ஆழம்வரை என்று கேளுங்கள். மேல்மண் பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட காணியில் கிணறோ மலசலகூடக் குழியோ ஆழமாகத் தோண்டுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

ஊர் நினைவு இங்கே வேறு விதத்தில் உதவும். எங்கே பதுங்குகுழி இருந்தது, எந்த வேலியோரம் மண் அணை போட்டிருந்தார்கள், எந்தக் கிணற்றில் எதையோ போட்டு மூடினார்கள் என்று யாருக்காவது தெரிந்திருக்கும். அதைச் சொன்னால் அகற்றுவோரின் வேலை விரைவாகும். பழைய இரும்பு பொறுக்கும் சிறுவர்களுக்கு எந்தப் பற்றையில் என்ன கிடக்கிறது என்பது பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். அடிப்போம் என்று மிரட்டினால் அவர்கள் சொல்லமாட்டார்கள். கண்டதைத் தொடாமல் வந்து சொல்லும் பிள்ளையைப் பாராட்டுங்கள். குப்பை எரிக்கும் இடத்தையும் முன்பே பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கலாம்.

கிணறு எங்கே?

பொதுக்கிணற்றுக்கு இடம் தெரிவு செய்யும் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் கதைக்கிறார்கள். காணி யார் தருவது, வீதிக்குக் கிட்டவா, கோயிலுக்குக் கிட்டவா என்பதே கதை. தண்ணீர் சுமப்பவர்கள் பாயில் அமைதியாக இருப்பார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதை முதலில் தனியாகப் பேசி, அவர்கள் சொன்னதை எழுத்தில் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வதால் நல்ல பலன் கிடைக்கிறது. கணவன் இல்லாமல் குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த ஊர்களில் இது சலுகை என்று எண்ண வேண்டாம். இரவில் அந்தக் கிணற்றடிக்குத் தனியே போக முடியுமா என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஆனால் தண்ணீரின் குணத்தை நாக்கு முழுவதும் சொல்லாது. உவரை நாக்கு சொல்லும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அது போதும் என்று நினைக்கலாம். வவுனியாப் பக்கத்தில் பல கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும். புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் முழுமையாக உறுதிப்படாத சிறுநீரக நோயும் இருக்கிறது. ஆகவே புதிய கிணற்றுக்கு அடிக்கல் வைப்பதற்கு முன் அயல் கிணறுகளின் நீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகக் கேளுங்கள். மழை முடிந்த கையோடு ஒருமுறையும், வரட்சியின் கடைசியில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது. பெறுபேற்றின் பிரதியை வாங்கி வையுங்கள். "தண்ணீர் நல்லது" என்று வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டு வராதீர்கள்.

பட்டியலை வாசியுங்கள்

வீட்டுத்திட்டத்தைப் போல ஊரைப் பிரித்த விடயம் வேறில்லை. இந்திய அரசின் 50 ஆயிரம் வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வந்தது. வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும். நன்றாகக் கட்டி முடித்தவர்கள் பலர். கடனில் விழுந்தவர்களும் பலர். அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டு, சீமெந்தும் மணலும் விலையேற, கடைசித் தவணை கூரைக்குப் போதாமல் நகையை அடகு வைத்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். விலையும் அளவும் முன்பே தெரிந்து, பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே தடவையில் மணலும் கல்லும் இறக்கினால் இந்தச் சுமையில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். இப்போது எந்தத் திட்டத்தில் உங்களுக்கு வீடு வந்தாலும், படத்தில் ஓர் அறையைக் கூட்டுவதற்கு முன் மேசனையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் ஒன்றாக இருத்தி ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

பயனாளிகள் தெரிவுக்கு வருவோம். பட்டியல் ஒட்டப்படும், மூன்றாம் நாள் மழையில் கிழியும், யாரோ ஒருவர் தன் பெயர் விடுபட்டதை இரண்டு மாதம் கழித்து அறிவார். இதற்கு இந்தியாவின் ராஜஸ்தானில் சாதாரணக் கூலியாட்கள் செய்த ஒரு காரியம் நமக்கும் பொருந்தும். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், கமக்காரர் அமைப்பு 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளுக்கான கூலிப் பட்டியலை ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர்களுக்குக் கூலி கொடுத்ததாகப் பதியப்பட்டிருந்தது அங்கே வெளியாயிற்று. கூடியிருந்தவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது; காது கேட்டால் போதும் என்பதே அந்த முறையின் பலம். இப்படிப்பட்ட கூட்டங்கள் தொடர்ந்து நடந்ததன் வழியாகவே இந்தியாவில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

உங்கள் ஊரிலும் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். தெரிவுக்கான நிபந்தனைகளையும் புள்ளி வழங்கும் முறையையும் முதலில் வாசித்து, பிறகு பெயர்களை வாசிக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: எல்லா விபரமும் ஒலிபெருக்கிக்கு உரியதல்ல. ஒரு பெண்ணின் கணவர் காணாமல் போனவரா, ஒருவருக்கு என்ன நோய், யார் எங்கே எவ்வளவு கடன் என்பவற்றைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். அவற்றைத் தெரிவுக்குழு தனியாகப் பார்க்கட்டும். பெயரும் மொத்தப் புள்ளியும் ஊருக்குப் போதும்.

அலுவலகத்தில் கேட்பது

"கச்சேரிக்குப் போனால் நாளைக்கு வா என்பார்கள்" என்ற பயம் நமக்கெல்லாம் உண்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், பிரதேச சபை எதுவானாலும் அங்கே ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தமிழகத்திலிருந்து திரும்பியவர்களில் பிரசாவுரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள், சங்கத்தில் உள்ள வேறொருவர் பெயரில் கேட்கச் சொல்லலாம்.

கேட்கும்போது சுருக்கமாகவும் குறிப்பாகவும் கேளுங்கள். "எங்கள் வீதி ஏன் போடவில்லை?" என்றால் பதில் சுற்றிச் சுற்றி வரும். "இன்ன வீதிக்கு இந்த வருடம் எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தம் யாருக்கு, அளவுப் பட்டியலின் பிரதி வேண்டும்" என்று கேட்டால் பதிலும் அப்படியே வரும். நல்ல உத்தியோகத்தர்கள் இப்படிக் கேட்பதை விரும்புவதையே நாங்கள் கண்டிருக்கிறோம். ஊர் கேட்டது என்ற எழுத்து அவர்களுக்கும் மேலிடத்தில் உதவுகிறது.

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பின்னேரம் இதைச் செய்யுங்கள். கோயில் முற்றத்தில் கரிக்கட்டியாலோ சாம்பலாலோ ஊரை வரையுங்கள். குளத்துக்கு ஓர் இலை, கிணறுகளுக்குக் கூழாங்கற்கள், வற்றும் கிணற்றுக்குக் கறுப்புக் கல். வெள்ளம் வந்த எல்லைக்கு ஒரு கயிறு. போகக்கூடாத இடத்துக்குச் சிவப்புத் துணி. அதை மட்டும் கிராம அலுவலரிடம் உள்ள வரைபடத்தைப் பார்த்தே வையுங்கள். முதலில் பெரியவர்கள் வரையட்டும், பிறகு பெண்கள், பிறகு மாடு மேய்க்கும் பொடியன்கள். ஒவ்வொருவரும் மற்றவருடையதைத் திருத்துவார்கள். சிரிப்பும் வரும், சண்டையும் வரும். "அங்கே ஒரு தாமரைக்குளம் இருந்ததே" என்று ஆச்சி சொல்ல, அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாமலும் போகலாம். முடிந்ததும் ஒரு சி.ஆர். கொப்பியில் அந்தப் படத்தைக் கீறி, திகதி போட்டு, சொன்னவர்களின் பெயரை எழுதுங்கள்.

அதே கொப்பியில் குளத்தின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை பாடசாலைப் பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஏக்கர் விதைத்தோம், எத்தனை ஏக்கர் வெட்டினோம், கடைசித் தண்ணீர் எந்தத் திகதி வந்தது என்பதையும் போகத்துக்குப் போகம் எழுதுங்கள். நீர்ப் பரிசோதனைப் பெறுபேறு, காணி கையளிப்புப் பத்திரம், பயனாளிப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளை அதில் ஒட்டுங்கள். கொப்பி தலைவரின் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடாது. சங்கக் கட்டடத்தில் எவரும் கேட்டுப் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். வருடம் ஒருமுறை அதை நிழற்பிரதி எடுத்து ஒன்றைப் பாடசாலை அதிபரிடமும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். புதிய நிர்வாகம் தெரிவாகும் நாளில், சங்கத்தின் காசுப் புத்தகமும் சாவியும் கைமாறும்போது இந்தக் கொப்பியும் கைமாறியது என்று கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.